லேசர் ஸ்பெக்கிள்: எம்.சி.ஏ. அடைப்பில் ஓட்டம் 45% தான் இறங்குகிறது, டாப்ளரில் 80%. எதை நம்புவது?

தந்துகி (கேள்வி)

சுண்டெலியில் நடுப் பெருமூளைத் தமனியை (எம்.சி.ஏ.) சிலிக்கான் பூசிய இழையால் அடைத்து, மேலிருந்து லேசர் ஸ்பெக்கிள் கான்ட்ராஸ்ட் முறையில் (சிதறிய லேசர் ஒளியின் புள்ளிக் கோலம், அதாவது ஸ்பெக்கிள், ரத்தம் ஓடும் இடத்தில் மங்குவதை வைத்து) மூளை ரத்த ஓட்டம் எடுக்கிறோம். அதே எலியில் லேசர் டாப்ளர் முனையும் (ஒரே இடத்தில் ஓட்டத்தை அளக்கும் ஃபைபர்) ஒட்டியிருக்கிறது. இழை போய் உட்கார்ந்ததும் டாப்ளர் 100-லிருந்து 20-க்கு விழுகிறது. அதே நேரத்தில் ஸ்பெக்கிள் கணக்கு 55-க்குக் கீழே போவதில்லை. மறுநாள் டி.டி.சி. சாயத்தில் (உயிருள்ள திசு சிவக்கும், செத்தது வெளுக்கும்) மூளையின் ஆழத்திலுள்ள ஸ்ட்ரையாட்டமும் மேலுறையான கார்டெக்ஸும் வெள்ளையாகத்தான் வருகின்றன. ஆகவே அடைப்பு சரியாக விழுந்திருக்கிறது.

அமைப்பு இது:

லேசர் 785 நா.மீ. டயோடு, வெப்பக் கட்டுப்பாட்டுடன். தேய்த்த கண்ணாடி வழியாகப் பரப்பி, சாய்வாக அடிக்கிறோம்.
கேமரா 2048 × 2048, பிக்சல் 5.5 மைக்ரோமீட்டர், 8 பிட்.
60 மி.மீ. மேக்ரோ லென்ஸ், உருப்பெருக்கம் 0.5, எஃப்/2.8. போலரைசர் இல்லை.
எக்ஸ்போஷர் 5 மில்லிசெகண்ட், 7 × 7 பிக்சல் ஜன்னல்.
தோலை விலக்கியாயிற்று. மண்டையோட்டைச் சீவவில்லை, சலைனால் ஈரமாக வைத்திருக்கிறோம்.

கான்ட்ராஸ்ட் (திட்ட விலக்கம் ÷ சராசரி, இனி 'கே') அடைப்புக்கு முன் 0.20, பின் 0.27. ஓட்டம் = 1 ÷ கே² என்று எடுத்தால் (0.20 ÷ 0.27)² = 0.55.

கேள்விகள்: எது சரி? எலும்பைச் சீவித்தான் ஆக வேண்டுமா? கட்டுரையைப் பார்த்த ரிவ்யூவர் மி.லி./100 கிராம்/நிமிடம் என்ற அலகில் கேட்கிறார். ஸ்பெக்கிளிலிருந்து அதைக் கொடுக்க ஏதாவது வழி உண்டா?

---

பிக்சல்பித்தன்

மூளைக்குப் போறதுக்கு முன்னாடி கேமராவைப் பாருங்க.

ஸ்பெக்கிள் புள்ளியோட அளவு = 2.44 × அலைநீளம் × (1 + உருப்பெருக்கம்) × எஃப் எண். உங்க எண்களைப் போட்டா 2.44 × 0.785 × 1.5 × 2.8, அதாவது 8 மைக்ரோமீட்டர். பிக்சல் 5.5. ஒரு புள்ளிக்கு ஒன்றரை பிக்சல்தான் தேறுது. குறைஞ்சது 2 வேணும். இல்லாட்டி ஒரே பிக்சலுக்குள்ள வெளிச்சமும் இருட்டும் கலந்து கான்ட்ராஸ்ட் செத்துப்போகும். எஃப்/5.6-க்குப் போங்க: 16 மைக்ரோமீட்டர், கிட்டத்தட்ட 3 பிக்சல். வெளிச்சம் கால்வாசி ஆயிடும். லேசரை ஏத்தி ஈடுகட்டுங்க, எக்ஸ்போஷரை ஏத்தாதீங்க. எக்ஸ்போஷரை மாத்தினா கான்ட்ராஸ்டோட அர்த்தமே மாறிடும்.

லேசர் முன்னாடி ஒரு போலரைசர், லென்ஸ் முன்னாடி அதுக்குக் குறுக்கா இன்னொண்ணு. ஈர எலும்போட பளபளப்பு போயிடும், ரெண்டு துருவ ஒளி ஒண்ணுமேல ஒண்ணு கலந்து கான்ட்ராஸ்டைக் குறைக்கிறதும் நிக்கும்.

அடுத்து கேமரா மெனு. ஆட்டோ கெய்ன், ஆட்டோ எக்ஸ்போஷர் ரெண்டையும் அணைங்க, காமா 1. மூடி போட்டு இருட்டுப் படம் எடுத்து அதோட சராசரியைக் கழிங்க. சராசரி 40 இருக்கிற இடத்துல இருட்டு அளவு 4-ஐக் கழிக்க மறந்தா, கே 10% குறைவா வரும். 1 ÷ கே² 23% கூடும். சராசரி கம்மியான இடத்துலதான் இந்தப் பிழை பெருசா இருக்கும். அதனால வெளிச்சம் சீரா விழலைன்னா படத்தோட ஓரத்துல ஓட்டம் கூடின மாதிரி ஒரு பொய் வளையம் தெரியும்.

மறுபக்கம், 255-ஐத் தொடவே கூடாது. சராசரி 120-ன்னு நிம்மதியா இருக்காதீங்க. ஸ்பெக்கிளோட வால் நீளம், பிரகாசமான புள்ளிகள் வெட்டுப்பட்டா திட்ட விலக்கம் குறைஞ்சு ஓட்டம் ஏறின மாதிரி காட்டும். ஹிஸ்டோகிராமைப் பாத்து முடிவு பண்ணுங்க. அசையாத பொருளை எடுக்கும்போது வால் இன்னும் நீளம், சராசரியை 50 பக்கம் வைக்கணும்.

கேமராவோட சொந்த இரைச்சலும் கே²-ல சேரும். அதைப் பிரிக்க, அதே சராசரி வெளிச்சம் வர்ற மாதிரி ஒரு சாதாரண எல்.இ.டி.யை வச்சு, வெள்ளைப் பரப்பை ஃபோகஸ் இல்லாம எடுங்க. எல்.இ.டி.ல ஸ்பெக்கிள் கிடையாது, வர்ற கே முழுக்க இரைச்சல்தான். அதோட வர்க்கத்தைக் கழிச்சிடுங்க.

கோடுல ஒரு இடத்தையும் பாருங்க. முதல்ல ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் கே கணக்கிட்டு, அப்புறம் அந்த கே படங்களைத்தான் சராசரி பண்ணணும். கச்சா படங்களைச் சராசரி பண்ணிட்டு கே எடுத்தா, எக்ஸ்போஷரை நீட்டின கதைதான்.

இதெல்லாம் முடிச்சிட்டு ஒரு வெள்ளை டெஃப்லான் தட்டை எலித் தலை இருக்கிற உயரத்துல வச்சு எடுங்க. அசையாத தட்டுக்கு கே எவ்வளவு வருது? அரை மணி நேரம் விட்டுப் பாருங்க, ஒண்ணு ரெண்டு சதவீதத்துக்கு மேல ஆடினா லேசர் மோடு தாவுது (அலைநீளம் திடீர்னு மாறுது), இல்லாட்டி ஃபைபர் அசையுது. இந்த எண் இல்லாம மேல பேச முடியாது.

---

மெய்யோட்டம்

மேலே சொன்னவை அனைத்தும் செய்ய வேண்டியவைதான். ஆனால் அவை உங்கள் 45-ஐ விளக்கா. புள்ளி அளவு, போலரைசர் இரண்டும் பாதிப்பது பீட்டா என்ற ஒரு பெருக்கலை. முன்-பின் விகிதம் எடுக்கும்போது பீட்டா மேலும் கீழும் அடிபட்டுப் போகிறது. விகிதத்தைக் கெடுப்பது கூட்டலாக வந்து சேரும் ஒன்று. என் சந்தேகம் எலும்பின் மேல். மூளை வரை போகாமல் அசையாத எலும்பிலேயே சிதறித் திரும்பும் ஒளி, ரத்தம் ஓடினாலும் நின்றாலும் அதே கான்ட்ராஸ்டைத் தருகிறது.

மூன்று எண்கள் வேண்டும். பழைய அமைப்பிலேயே எடுத்துத் தாருங்கள், ஒப்பிட வசதி.

ஒன்று, பிக்சல்பித்தன் கேட்ட தட்டு மதிப்பு.

இரண்டு, அடைப்புக்கு முன் தொடர்ந்து எடுத்த 100 ஃப்ரேம்களை, அவர் செய்யக்கூடாது என்று சொன்ன அதே வழியில், கச்சாவாகவே சராசரி செய்து, அந்த ஒரே படத்தில் கே கணக்கிடுங்கள். நகரும் செல்களின் ஸ்பெக்கிள் ஒவ்வொரு ஃப்ரேமிலும் வேறு வேறு, 100-ல் கரைந்துவிடும். எலும்பின் ஸ்பெக்கிள் கரையாது. மிஞ்சுவது அதுதான். மூச்சில் தலை அசைந்தால் அதுவும் கலைந்து, மதிப்பு பொய்யாகக் குறையும். காது ஊசிகளையும் பல் கட்டையையும் இறுக்கிவிட்டு எடுங்கள். பெரிய நாளங்களின் விளிம்பைத் தவிர்த்து சீரான திசுப் பகுதியைத் தேர்ந்தெடுங்கள், இல்லையெனில் நாளத்தின் நிழலும் கான்ட்ராஸ்டாக எண்ணப்படும்.

மூன்று, எப்படியும் உயிர்நீக்கம் செய்யப்போகும் எலியில் இதயம் நின்று 10 நிமிடம் கழித்து ஒரு மதிப்பு.

---

தந்துகி

இருவருக்கும் நன்றி. பழைய அமைப்பில் (எஃப்/2.8, போலரைசர் இல்லாமல், இருட்டு கழித்து):

தட்டு: 0.42, அரை மணியில் 1%-க்குள் நிற்கிறது.
100 ஃப்ரேம் கச்சா சராசரி, எம்.சி.ஏ. பகுதித் திசு: 0.17.
இதயம் நின்ற பின்: 0.38.

எஃப்/5.6-உம் குறுக்குப் போலரைசர்களும் போட்டபின் தட்டு 0.71-க்கு ஏறிவிட்டது.

இறந்த எலியின் 0.38-ஐ வைத்து (0.20 ÷ 0.38)² போட்டால், செத்த மூளையிலும் 28% ஓட்டம் இருப்பதாக வருகிறது. இந்த 28-ஐ 'பூஜ்யம்' என்று வைத்து எல்லாவற்றிலிருந்தும் கழித்துவிட்டால் போதுமா?

---

மெய்யோட்டம்

போதாது. கழித்துப் பாருங்கள்: 1 ÷ 0.20² = 25, 1 ÷ 0.27² = 13.7, 1 ÷ 0.38² = 6.9. (13.7 − 6.9) ÷ (25 − 6.9) = 0.38. வீழ்ச்சி 45-லிருந்து 62-க்கு ஏறும், 80-ஐ எட்டாது. காரணம், அசையாத ஒளி 1 ÷ கே²-ல் கூடுவதில்லை, கே²-க்குள் கூடுகிறது. அதுவும் தனியாகக் கூடவில்லை, அசையும் ஒளியோடு பெருகி ஒரு கலப்பு உறுப்பையும் உண்டாக்குகிறது.

முழுச் சமன்பாடு, 2008-ல் பார்த்தசாரதி, டன் முதலியோர் பல-எக்ஸ்போஷர் முறைக்காகக் கொடுத்த வடிவம்:

கே² = பீட்டா × { ரோ² × [எக்ஸ்ப்(−2த) − 1 + 2த] ÷ 2த² + 4 × ரோ × (1 − ரோ) × [எக்ஸ்ப்(−த) − 1 + த] ÷ த² + (1 − ரோ)² } + இரைச்சல்

இதில் த = எக்ஸ்போஷர் ÷ கோரிலேஷன் நேரம் (ஸ்பெக்கிள் கோலம் கலைய எடுக்கும் நேரம்), ஓட்டத்துக்கு நேர்விகிதம் என்று கொள்கிறோம். ரோ = திரும்பி வரும் ஒளியில் அசையும் பொருளைத் தொட்டு வந்த பங்கு. ரோ = 1 ஆகவும் த பெரிதாகவும் இருந்தால் மட்டுமே இது சுருங்கி, ஓட்டம் = 1 ÷ கே² என்று ஆகிறது. நீங்கள் பயன்படுத்துவது அந்தச் சுருக்கத்தைத்தான்.

உங்கள் எண்களைப் போடுவோம். தட்டில் எல்லாமே அசையாதது, ஆகவே கே² = பீட்டா: 0.42² = 0.176. கச்சா சராசரியில் மிஞ்சுவது பீட்டா × (1 − ரோ)². 0.17 ÷ 0.42 = 0.40. ஆகவே ரோ = 0.6. உங்கள் கேமராவுக்கு வரும் ஒளியில் பத்தில் நான்கு பங்கு ரத்தத்தைப் பார்க்கவே இல்லை.

ரோ 0.6, பீட்டா 0.176 என வைத்து, கே = 0.20-க்கு த-வைத் தேடினால் சுமார் 18.7. கே = 0.27-க்கு சுமார் 4.1. விகிதம் 0.22. வீழ்ச்சி 78%. டாப்ளரின் 80-க்குப் பக்கத்தில் வந்துவிட்டது.

உண்மையான 80% வீழ்ச்சி (த 20-லிருந்து 4-க்கு) 1 ÷ கே² கணக்கில் எப்படித் தெரியும் என்பதையும் பாருங்கள். ரோ 1 என்றால் 78%. ரோ 0.8 என்றால் 66%. ரோ 0.6 என்றால் 47%. எலும்பின் தடிமன் எலிக்கு எலி மாறும், வயதோடு மாறும், அதே எலியில் இடது வலது மாறும். அதனால்தான் சீவாத மண்டையில் எடுத்த வீழ்ச்சிச் சதவீதங்களைக் குழுக்களுக்கிடையே ஒப்பிடுவது ஆபத்து: மருந்து ஓட்டத்தைக் காத்ததா, அந்தக் குழுவில் எலும்பு தடித்ததா, இரண்டும் ஒரே எண்ணைத் தரும்.

த-வைத் தேட நேர்ச் சூத்திரம் கிடையாது. பைத்தானில் த = 0.01 முதல் 1000 வரை கே அட்டவணை ஒன்று போட்டு, இடைச்செருகல் செய்தால் ஒரு படத்துக்கு நொடிக்கும் குறைவு. ரோ-வை ஒரே எண்ணாக வைக்காமல் பிக்சல் வாரியாக (சற்று மங்கலாக்கி) எடுங்கள். தமனி அடைபட்ட பின் ரோ-வும் கொஞ்சம் மாறும். முடிந்தால் பின்னும் ஒரு முறை கச்சா சராசரி எடுத்துக்கொள்ளுங்கள். ஓட்டம் மிக மெதுவான இடத்தில் மட்டும் 100 ஃப்ரேம் பற்றாது, நீண்ட நேரம் எடுக்க வேண்டும்.

வசதி இருந்தால் 50 மைக்ரோசெகண்டிலிருந்து 80 மில்லிசெகண்ட் வரை பதினைந்து எக்ஸ்போஷரில் எடுத்து வளைவைப் பொருத்துவதே முறையான வழி. எக்ஸ்போஷர் மாறும்போது மொத்த வெளிச்சம் மாறாமல் இருக்க அகூஸ்டோ-ஆப்டிக் மாடுலேட்டர் (ஒலி அலையால் லேசர் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் கருவி) தேவை.

---

கத்தரிக்கோல்

கணக்கு அழகு. ஆனால் 78-உம் 80-உம் கைகுலுக்கியதைப் பார்த்துவிட்டு எழுந்து போகாதீர்கள். அந்த 80 எந்த இடத்தினுடையது?

டாப்ளர் முனையை எங்கே ஒட்டினீர்கள்? எல்லோரும் ஒட்டும் இடம் பிரெக்மாவுக்கு (மண்டையோட்டின் மேல் எலும்புத் தையல்கள் சந்திக்கும் புள்ளி) 2 மி.மீ. பின், 5 மி.மீ. பக்கம் என்றால் அது டெம்போராலிஸ் தசையின் அடியில், எலும்பு வளைந்து இறங்கும் சரிவில் இருக்கிறது. முனை பார்ப்பது ஏறக்குறைய 1 கன மி.மீ. மேலிருந்து பார்க்கும் கேமராவுக்கு நன்றாகத் தெரிவது நடுக்கோட்டிலிருந்து மூன்றரை, நான்கு மி.மீ. வரைதான். அந்தப் பகுதியில் முன் பெருமூளைத் தமனியிலிருந்து வரும் இணைப்பு நாளங்கள் ரத்தம் ஊட்டிக்கொண்டிருக்கும். அங்கே வீழ்ச்சி உண்மையிலேயே 50–60% இருக்கலாம், அது பிழையல்ல. ஆகவே இரண்டையும் ஒப்பிட வேண்டுமானால் ஒரே இடத்தில் ஒப்பிடுங்கள். ஒரு பக்கம் மட்டும் வேண்டுமானால் தசையைக் கீழே விலக்கி, தலையை 30 டிகிரி அளவு சாய்த்து எடுங்கள். இரு பக்கமும் வேண்டுமென்றால், நடுக்கோட்டிலிருந்து வெளிப்புறமாக ஒரு கோடு வரைந்து, தூரத்துக்கு எதிராக ஓட்டம் என்று காட்டுங்கள். மருந்துக் குழுக்களுக்கிடையே எந்த மாற்றமும் அந்த எல்லையில்தான் முதலில் தெரியும், ஒற்றைச் சராசரியில் மறைந்துவிடும்.

எலும்பு பற்றி. ரோ 0.6 என்றால் திருத்தக் கணக்கை நம்பி ஓட்டுவதைவிடச் சீவுங்கள். சுண்டெலி எலும்பு கால் மி.மீ. சுற்று. 0.5 மி.மீ. உருண்டை பர், மெதுவான வேகம், துடைப்பதுபோலப் படுக்கை வாட்டில் இழுங்கள், ஒரே இடத்தில் அழுத்தாதீர்கள். சில நொடிக்கு ஒரு முறை நிறுத்தி, குளிர்ந்த சலைன் விட்டு, பொடியைத் துடையுங்கள். மேல் கெட்டி அடுக்கு போனதும் துளை துளையான நடு அடுக்கு வரும், லேசாக ரத்தம் கசியும். அங்கே பயந்து நிறுத்திவிடுகிறவர்கள் அதிகம். கசிந்த ரத்தம் காய்ந்தால் 785-லும் படம் கெடும். சலைனில் நனைத்து உறிஞ்சி, அந்த அடுக்கைக் கடந்து உள் அடுக்கு வரும்வரை போங்கள். ஈரத்தில் மூளைமேல் நாளங்கள் விளிம்பு கூர்மையாகத் தெரிந்தால் போதும், அது சுமார் 100 மைக்ரோமீட்டர் மிச்சம். ஊசி முனையால் தொட்டால் எலும்பு குழிந்து நெகிழ்கிறது என்றால் ஏற்கெனவே அதிகம் சீவிவிட்டீர்கள். இரு-ஃபோட்டான் நுண்ணோக்கி வேலைக்குத்தான் 10–15 மைக்ரோமீட்டர் வரை சீவி, சயனோஅக்ரிலேட்டால் கண்ணாடி ஒட்டும் வேலையெல்லாம். ஸ்பெக்கிளுக்கு அது தேவையில்லை. சீவிய இடத்தில் சலைனுக்குப் பதில் மினரல் ஆயில் ஒரு சொட்டு விடுங்கள். சலைன் கால் மணி நேரத்தில் காய்ந்து எலும்பு வெளுக்கும், ரோ குறையும், ஓட்டம் மெல்ல 'இறங்கும்'. அந்தச் சரிவை ரத்த ஓட்டம் குறைவதாக எழுதிய படங்கள் எத்தனையோ.

இரு பக்கமும் ஒரே அளவு சீவ யாராலும் முடியாது. பக்கத்துக்குப் பக்கம் நேரடியாக ஒப்பிடாமல், அந்தந்தப் பிக்சலின் சொந்த முன்-மதிப்போடு ஒப்பிடுங்கள்.

சீவியவுடன் அளக்க ஆரம்பிக்காதீர்கள். டிரில்லின் அதிர்வும் சூடுமே கார்டெக்ஸில் ஸ்ப்ரெடிங் டிப்போலரைசேஷனை (செல்களின் மின்னழுத்தம் சரிந்து பரவும் அலையை) கிளப்பிவிடும். நிமிடத்துக்கு 2–5 மி.மீ. வேகத்தில் அலை பரவும். சுண்டெலியில் அது போன பின் ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ ஓட்டம் அடங்கியே கிடக்கும். அந்த அடங்கிய மதிப்பை 100 என்று வைத்தால், அடைப்பின் வீழ்ச்சி குறைவாகத் தெரியாமல் என்ன செய்யும்? சீவி முடித்து ஒரு மணி நேரம் விடுங்கள், முன்-மதிப்பு 10 நிமிடம் தட்டையாக நின்றால் மட்டும் இழையைச் செருகுங்கள். இழை செருகிய பிறகும் இதே அலைகள் தாமாகக் கிளம்பும், நொடிக்கு ஒரு படம் எடுத்தால் ஓரத்திலிருந்து கிளம்பிப் பரவுவது திரையிலேயே தெரியும். ஐந்து நிமிடத்துக்கு ஒரு படம் எடுப்பவர்களுக்கு அது விளங்காத ஏற்ற இறக்கம்.

மயக்கம்: ஐசோஃப்ளூரேன் நாளங்களை விரிக்கும் மருந்து. 1–1.5%-ல் நிறுத்துங்கள். 2% தாண்டினால் முன்-மதிப்பே உப்பியிருக்கும், ரத்த அழுத்தமும் இறங்கும், அழுத்தம் இறங்கினால் இணைப்பு நாளங்கள் வழி வருவதும் குறையும். தானாக மூச்சு விடும் எலியில் கரியமில வாயு மெல்ல ஏறும். அது 1 மி.மீ. பாதரசம் ஏறினால் ஓட்டம் 3–4% ஏறும் என்பதை நினைவில் வையுங்கள். மலக்குடல் வெப்பம் 37. கரோட்டிடை (கழுத்துத் தமனியை) கட்டும் கட்டத்தையும் தமனியை அடைக்கும் கட்டத்தையும் தனித்தனியாகக் குறித்துவைக்கவும், கரோட்டிட் கட்டும்போதே கொஞ்சம் விழும்.

---

பிக்சல்பித்தன்

மெய்யோட்டம் சொன்ன விகிதக் கணக்கு சரிதான், ஒத்துக்கறேன். ஆனா பல-எக்ஸ்போஷருக்கு ஓடாதீங்க. அகூஸ்டோ-ஆப்டிக் மாடுலேட்டரை வாங்கி, சீர் பண்ணி, 15 எக்ஸ்போஷரும் ஒரே வெளிச்சத்துக்குக் கொண்டுவர்றது சின்ன வேலை இல்லை. சீவின எலும்பு, ஒழுங்கான பீட்டா, பிக்சல் வாரியா ரோ. பக்கவாத வேலைக்கு இது போதும். மாசக்கணக்கா அதே எலியைத் திரும்பத் திரும்பப் பார்க்கிற வேலைன்னா மட்டும் பல-எக்ஸ்போஷர், ஏன்னா அங்க எலும்பே வாராவாரம் வளர்ந்து மாறிட்டிருக்கும்.

இன்னொண்ணு. 2048 பிக்சலையும் உருப்பெருக்கம் 0.5-ல வச்சா பார்வைப் பரப்பு 22 மி.மீ.க்கு மேல. எலி மண்டையோட அகலம் அதுல பாதி கூட இல்லை. மிச்சம் சென்சார் துணியைத்தான் படம் புடிக்குது. நடுவுல வெட்டி எடுத்து ஃப்ரேம் வேகத்தைக் கூட்டிக்கோங்க.

ரூம் விளக்கு: நம்ம ஊர் 50 ஹெர்ட்ஸ் கரண்டுல விளக்கு 100 ஹெர்ட்ஸ்ல மினுக்கும். 5 மில்லிசெகண்ட் எக்ஸ்போஷர்ல அரைச் சுற்றுதான் உள்ள வரும், ஃப்ரேமுக்கு ஃப்ரேம் பின்னணி ஆடும். 785-க்கு ஒரு பேண்ட்பாஸ் ஃபில்டர் போடுங்க, இல்ல இருட்டுல எடுங்க. மைக்ரோஸ்கோப்போட ஆபரேஷன் லைட்டை அணைக்க மறக்கிறதுதான் வழக்கம்.

எஃப்/5.6-ல புள்ளி பெருசானதுக்கு ஒரு விலை உண்டு: 7 × 7 ஜன்னல்ல இப்ப ஆறு ஏழு தனித்தனி புள்ளிதான் அடங்கும், ஒரு ஃப்ரேமோட கே ரொம்பக் கரகரன்னு இருக்கும். 30 ஃப்ரேமாவது கே எடுத்துச் சராசரி பண்ணுங்க. நுண்ணிய நாளம் வேணும்னா ஜன்னலை இடத்துல போடாம நேரத்துல போடலாம்: அதே பிக்சலை 25–50 ஃப்ரேமுக்குப் பாத்து திட்ட விலக்கம் எடுக்கிறது. அசையாத ஸ்பெக்கிள் நேரத்துல ஆடாது, அதனால எலும்போட தொல்லை அதுல கம்மி. ஆனா மூச்சு அசைவு ஒண்ணு வந்தாலும் அந்த ஃப்ரேம் வரிசை மொத்தமும் குப்பை.

---

நீர்க்குறி

மி.லி./100 கிராம்/நிமிடம் கேள்விக்கு யாரும் வரவில்லை, ஆகவே.

ஸ்பெக்கிளிலிருந்து கிடையாது. கோரிலேஷன் நேரத்தை வேகமாக மாற்ற, எத்தனை முறை சிதறியது, செல்கள் நேராக ஓடினவா கலைந்து ஓடினவா என்பதெல்லாம் தெரிய வேண்டும். அது பெரிய நாளத்தில் ஒரு மாதிரி, திசுவில் ஒரு மாதிரி. தவிர 785 நா.மீ.ல் சமிக்ஞை அநேகமாக முழுவதும் மேல் 700 மைக்ரோமீட்டரிலிருந்து வருகிறது. ஸ்ட்ரையாட்டம் அதன் கண்ணிலேயே படாது. ஒரு குழு எலிகளில் வேறு முறையில் அளந்து, ஸ்பெக்கிளுக்கு அதைத் துணையாக வைப்பதே வழி.

முதல் தேர்வு எம்.ஆர்.ஐ.யில் ஏ.எஸ்.எல்., அதாவது ரத்த நீரையே காந்தமுறையில் குறியிட்டு அளப்பது. 1992-ல் டெட்ரே, வில்லியம்ஸ், லீ, கொரெட்ஸ்கி எலியில் காட்டியது. சிறு விலங்கு ஸ்கேனரில் எளிது ஃபேர் என்ற வகை: ஒரு முறை துண்டை மட்டும் தலைகீழாக்கியும், ஒரு முறை எல்லாவற்றையும் தலைகீழாக்கியும் டி1 (காந்தநிலை பழையபடி மீளும் நேரம்) அளக்க வேண்டும்.

ஓட்டம் = லாம்டா × (எல்லாம் தலைகீழான டி1 ÷ ரத்த டி1) × (1 ÷ துண்டு டி1 − 1 ÷ எல்லாம் தலைகீழான டி1)

லாம்டா (மூளைக்கும் ரத்தத்துக்கும் இடையே நீர் பங்கிடும் விகிதம்) 0.9 மி.லி./கிராம், ரத்த டி1 7 டெஸ்லாவில் சுமார் 2.2 நொடி. டி1 நொடியில் இருந்தால் விடை மி.லி./கிராம்/நொடியில் வரும், 6000-ஆல் பெருக்குங்கள். ஐசோஃப்ளூரேனில் சுண்டெலி கார்டெக்ஸுக்கு நூற்றுக்கு மேல், சில சமயம் இருநூறு வரை வரும். மனிதச் சாம்பல் பகுதியின் 50–60-ஐ மனதில் வைத்துத் தவறு என்று நினைத்துவிடாதீர்கள்.

இது கெடும் இடங்கள். அனுப்பும் காயில் (ரேடியோ அலைச் சுருள்) குட்டையாக இருந்தால் 'எல்லாம்' என்பது கழுத்தோடு நின்றுவிடும். மார்பிலிருந்து தலைகீழாகாத ரத்தம் அளவு நடக்கும்போதே வந்து சேரும், ஓட்டம் குறைத்துக் காட்டும். உடலையும் மூடும் நீளக் காயில் அனுப்ப, தலைக்குமேல் சிறு காயில் வாங்க, என்று இரண்டாகப் பிரியுங்கள். அடைப்பின் மையத்தில் ரத்தம் தாமதமாக வருவதால், குறியிட்ட நீர் வரும் முன் குறி அழிந்துவிடும். அங்கே பூஜ்யமும், இரைச்சலால் பூஜ்யத்துக்குக் கீழேயும்கூட வரும். அதைப் பூஜ்யம் என்றே திருத்தி எழுதாமல், அப்படியே சராசரியில் சேருங்கள், இல்லையெனில் மையத்தின் சராசரி மேலே இழுபடும். ஈ.பி.ஐ. (அதிவேக எம்.ஆர்.ஐ.) படிப்பு என்றால் சீவிய எலும்பின் மேல் காற்றுக் குமிழி ஒன்று இருந்தாலும் அடியில் உள்ள கார்டெக்ஸ் கருப்பாகிவிடும். குமிழி இல்லாத ஜெல்லால் மூடி, தோலைத் தைத்துவிட்டு ஸ்கேனரில் வையுங்கள்.

பழைய தங்க அளவுகோல் கார்பன்-14 அயோடோஆன்டிபைரின் ஆட்டோரேடியோகிராஃபி (ரத்தத்தில் செலுத்திய கதிரியக்கப் பொருளை மூளைச் சீவல்களில் படமாக்குவது), சகுராடா, சோகோலோஃப் முதலியோர் 1978. நரம்பு வழி ஒரு நிமிடத்துக்குள் ஏறுமுகமாகச் செலுத்தி, அந்த நேரம் முழுக்கத் தமனி ரத்தச் சொட்டுகளை நேரம் குறித்துச் சேகரித்து, தலையை வெட்டி, மூளையை மைனஸ் 40–50-ல் ஐசோபென்டேனில் உறையவைத்து, 20 மைக்ரோமீட்டர் சீவல்கள். சீவல்களை உடனே சூடான தட்டில் காயவைக்க வேண்டும், தாமதித்தால் பொருள் பரவி எல்லை மங்கும். தமனிக் குழாய் நீளமானால் உள்ளே ரத்தம் கலந்து வளைவு மழுங்கும், ஓட்டம் தவறும். சுண்டெலியின் மொத்த ரத்தமே 2 மி.லி.க்குள் என்பதால் இது பெருச்சாளி அளவு எலிக்கு ஏற்ற முறை. ஒரு விலங்கில் ஒரே ஒரு அளவு, அடைப்புக்கு முன்-பின் பார்க்க முடியாது. ஆனால் ஸ்ட்ரையாட்டத்தின் எண் அதே துல்லியத்தில் கிடைக்கும்.

ரிவ்யூவர் கேட்பது ஒற்றை நாளத்தின் ஓட்டம் என்றால் மட்டும் இரு-ஃபோட்டான். பிளாஸ்மாவில் எஃப்.ஐ.டி.சி. டெக்ஸ்ட்ரான் (ஒளிரும் சாயம்), நாளத்தின் நீளவாக்கில் கோட்டு ஸ்கேன், சிவப்பணுக்கள் கருப்புச் சாய்கோடுகளாக விழும், சாய்விலிருந்து வேகம். கிளைன்ஃபெல்ட், டெங்க் குழு 1998-ல் செய்த முறை. தமனிக்கு நடுக்கோட்டு வேகத்தையும் விட்டத்தையும் வைத்து, பை ÷ 8 × வேகம் × விட்டத்தின் வர்க்கம். விட்டத்தில் 10% பிழை ஓட்டத்தில் 20% ஆகும், ஆகவே விட்டத்தை அதே நேரத்தில் குறுக்குக் கோட்டில் எடுங்கள். இதிலிருந்து 100 கிராமுக்கு மாற்ற வழியில்லை.

---

தந்துகி

டாப்ளர் முனை 5 மி.மீ. பக்கத்தில்தான் இருந்தது, ஸ்பெக்கிளில் நான் குறித்த வட்டம் 3.5-ல். கத்தரிக்கோல் சொன்னபடி தலையைச் சாய்த்து, சீவிய எலும்பில், முனைக்குப் பக்கத்திலேயே வட்டம் போடப்போகிறேன். ஒரு சந்தேகம்: டாப்ளர் முனையே சிவப்பு ஒளி விடுகிறதே, அது ஸ்பெக்கிளைக் கெடுக்காதா?

---

பிக்சல்பித்தன்

கெடுக்கும். டாப்ளர் 780 நா.மீ.ன்னா உங்க 785 பேண்ட்பாஸ் அதைத் தடுக்காது, முனையைச் சுத்தி ரெண்டு மி.மீ.க்கு கே பொய் சொல்லும். உங்க லேசரும் டாப்ளருக்குள்ள போய் அதோட பின்னணியைக் கூட்டும். ரெண்டையும் ஒரே நேரத்துல எடுக்காதீங்க: இழை உட்கார்ந்ததை டாப்ளர்ல உறுதி பண்ணிட்டு அணைங்க, 30 நொடி ஸ்பெக்கிள் எடுங்க, மறுபடி மாத்துங்க. முனையையும் எடுத்துட்டா நல்லது, அதோட நிழல்லதான் உங்களுக்கு வேண்டிய இடம் இருக்கு. ஒட்டின இடத்துல சின்னதா ஒரு ஃபைபர் ஹோல்டர் மட்டும் விட்டுட்டா திரும்ப அதே இடத்துல செருகலாம்.